தேசிய விருது யாருக்கு? ஒகேனக்கல் பாட்டு சொல்லும் கதை!

தேசிய சினிமா விருது அறிவிக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தால் போதும். தர்மபுரி பஸ் நிலையத்து டீக்கடையிலும், அரூர் சந்தையிலும், பென்னாகரத்துச் சலூனிலும் வாதம் தொடங்கிவிடும்.

"இந்த வருஷம் எங்கள் ஆளுக்குத்தான்" என்பார் ஒருவர்.

"அதையும் பார்த்துவிடலாம்" என்பார் இன்னொருவர்.

விருது யாருக்குக் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

ஓரளவு சொல்லலாம். பாலக்கோடு மார்க்கெட்டில் நாளைக்குத் தக்காளி என்ன விலை போகும் என்று அனுபவமுள்ள வியாபாரி சொல்லிவிடுகிறார் அல்லவா? அவர் ஜோசியம் பார்ப்பதில்லை. எத்தனை லோடு வருகிறது, எங்கே மழை பெய்தது, வெளியூர் லாரி வந்திருக்கிறதா என்று பார்க்கிறார்.

விருதுக் கணக்கும் அப்படித்தான். தீர்ப்புச் சொல்வது யார், எதைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று தெரிந்தால் பாதிக் கணக்கு வந்துவிடும்.

மீதிப் பாதி? அது அறிவிக்கும் நிமிடம் வரை யாருக்கும் தெரியாது! அதற்குச் சாட்சி, நம் மாவட்டத்து ஒகேனக்கல்லில் காட்சிகள் எடுக்கப்பட்ட ஒரு பாட்டு.

ஒரு ஓட்டில் தீர்ந்த போட்டி

1992-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி "ரோஜா" படம் வெளிவந்தது. டைரக்டர் மணிரத்னம். பட அதிபர் கே.பாலசந்தர். இசை அமைத்தவர் ஒரு புதிய இளைஞர். பெயர் ஏ.ஆர்.ரகுமான். அவருக்கு அதுதான் முதல் படம்.

அதில் கதாநாயகி மதுபாலா அருவியிலும் ஆற்றிலும் ஆடிப்பாடி வரும் "சின்னச் சின்ன ஆசை" பாட்டு பட்டிதொட்டி எங்கும் ஒலித்தது. அந்தக் காட்சிகளில் நம் ஒகேனக்கல்லும் உண்டு.

அதே ஆண்டு தீபாவளிக்கு "தேவர் மகன்" வந்தது. சிவாஜி கணேசனும் கமலஹாசனும் அப்பா-மகனாக நடித்த படம். இசை இளையராஜா.

அந்த ஆண்டுக்கான தேசிய விருதில், சிறந்த இசை அமைப்பாளர் யார் என்ற கேள்வி வந்தது.

ஒரு பக்கம் இளையராஜா. "சாகர சங்கமம்", "சிந்து பைரவி", "ருத்ரவீணா" ஆகிய படங்களுக்காக அதற்கு முன்பே மூன்று முறை அந்த விருதை வாங்கியவர்.

மறு பக்கம் முதல் படம் மட்டுமே செய்த ரகுமான்.

அன்று யாரைக் கேட்டிருந்தாலும், இளையராஜா பக்கம்தான் கை காட்டியிருப்பார்கள்.

நடுவர் குழுவின் தலைவராக இருந்தவர் டைரக்டர் பாலு மகேந்திரா. 1980-ல் வந்த "மூடுபனி" தொடங்கி, அவருடைய படங்களுக்கு இசை அமைத்து வந்தவரும் இளையராஜாதான். இருவரும் நெருங்கிய நண்பர்கள்.

நடுவர்களின் ஓட்டு இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்து நின்றது! தலைவரின் ஓட்டு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் வெற்றி.

நண்பரா? புதியவரா?

பாலு மகேந்திரா புதியவருக்கு ஓட்டுப் போட்டார். ரகுமான் வென்றார்! "சின்னச் சின்ன ஆசை" எழுதிய வைரமுத்துவுக்குச் சிறந்த பாடலாசிரியர் விருது. தேச ஒற்றுமைக்கான சிறந்த படம் என்ற விருதும் "ரோஜா"வுக்கே கிடைத்தது.

"தேவர் மகன்" வெறுங்கையோடு திரும்பவில்லை. சிறந்த தமிழ்ப்படம் என்ற விருது அதற்குத்தான். ரேவதிக்குச் சிறந்த துணை நடிகை விருது. எஸ்.ஜானகிக்குச் சிறந்த பின்னணிப் பாடகி விருது.

தீர்ப்பை மாற்ற ஒரே ஒரு ஓட்டுப் போதும். வெளியே நின்று கணிக்கிறவர் அந்த ஓட்டை எப்படிக் காண முடியும்?

கூட்டம் வேறு, விருது வேறு

"கொட்டகை நிரம்பிய படத்துக்குத்தானே பரிசு?" என்று கேட்கலாம்.

பாப்பாரப்பட்டியைக் கேளுங்கள்! சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா கடைசிக் காலத்தில் வாழ்ந்து, 1925-ஆம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி உயிர் நீத்த ஊர் அது. அவருக்கு அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது.

அந்தச் சிவாவைத் திரையில் காட்டிய படம் "கப்பலோட்டிய தமிழன்". 1961-ல் வந்தது. வ.உ.சி.யாக சிவாஜி கணேசன் நடித்தார். சிவாவாக டி.கே.சண்முகம் நடித்தார். டைரக்டர் பி.ஆர்.பந்துலு.

அதே ஆண்டில் "பாசமலர்" படமும் வந்தது. அண்ணன்-தங்கை கதை. தாய்மார்கள் கண்ணீர் விட்டுப் பார்த்த படம். வசூல் மழை பொழிந்தது. "கப்பலோட்டிய தமிழ"னுக்கோ எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை.

டெல்லியில் என்ன நடந்தது? அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப்படம் என்ற பரிசு "கப்பலோட்டிய தமிழ"னுக்குக் கிடைத்தது. "பாசமலர்" நற்சான்றிதழ் பெற்றது.

வசூலை வைத்துக் கணித்தவர்கள் அன்றைக்கே தோற்றார்கள்!

இன்னொரு உதாரணம் "சூரரைப் போற்று". 2020-ல் கொரோனா காலத்தில் தியேட்டருக்கே வராமல், நேராக வீட்டுத் திரைக்கு வந்த படம். ஆனால் அந்த ஆண்டின் இந்தியாவிலேயே சிறந்த படம் என்ற விருது அதற்குத்தான் கிடைத்தது. சூர்யா சிறந்த நடிகர். அபர்ணா பாலமுரளி சிறந்த நடிகை.

தீர்ப்பு எப்படி நடக்கிறது?

முதலில் பட அதிபர் தம் படத்தைப் போட்டிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாத படத்துக்கு விருது இல்லை. எவ்வளவு நல்ல படமானாலும் சரிதான்.

அடுத்தது ஆண்டுக் கணக்கு. படம் எந்த ஆண்டில் சென்சார் சான்றிதழ் வாங்கியதோ, அந்த ஆண்டுப் போட்டியில்தான் சேரும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

71-வது தேசிய விருதுகள் 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி அறிவிக்கப்பட்டன. ஆனால் அவை 2023-ஆம் ஆண்டுப் படங்களுக்கானவை! 2025-ல் வந்த படத்துக்காக அன்று வாதாடியவர்கள் வீணாகத் தொண்டை வறண்டார்கள்.

போட்டிக்கு வரும் படங்களை முதலில் வட்டாரக் குழுக்கள் பார்க்கின்றன. தமிழ்ப் படங்களும் மலையாளப் படங்களும் ஒரே குழுவின் முன் வருகின்றன. அங்கே தேறிய படங்கள் மத்தியக் குழுவுக்குப் போகின்றன. அந்தக் குழுவினர் ஒன்றாக உட்கார்ந்து படம் பார்த்து, பேசி, முடிவு செய்கிறார்கள்.

இறுதித் தீர்ப்பு ஒரு சிலர் கையில் இருக்கிறது. அவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. திரையில் ஓடும் எழுத்தைப் படித்துத்தான் நம் படத்தைப் புரிந்துகொள்கிறார்கள். நம் ஊரில் கைதட்டல் வாங்கிய வசனம் அவர்களுக்கு வெறும் எழுத்து. நடிகரின் கண்ணும் முகமும்தான் அவர்களோடு நேரே பேசுகின்றன.

ஆஸ்கார் எப்படி?

அமெரிக்காவின் ஆஸ்கார் விருதைக் கணிப்பது இதைவிடச் சுலபம். அங்கே போட்டியில் இருப்பவர்களின் பட்டியலை முன்பே வெளியிடுகிறார்கள். சுமார் 10 ஆயிரம் பேர் ஓட்டுப் போடுகிறார்கள். அதற்கு முன் வேறு பல விருதுகளும் வழங்கப்படுகின்றன. அவற்றைப் பார்த்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியும்.

2009-ல் "ஸ்லம்டாக் மில்லியனர்" படத்துக்காக ரகுமான் இரண்டு ஆஸ்கார் விருது வாங்கினார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே "கோல்டன் குளோப்" விருதும், பிரிட்டனின் "பாப்டா" விருதும் அவருக்குக் கிடைத்திருந்தன. ஆகவே பலர் அவர் பெயரைச் சரியாகச் சொன்னார்கள்.

நம் தேசிய விருதில் முன்பட்டியல் வெளியிடும் வழக்கம் இல்லை. காற்றைப் பார்க்கக் கொடிமரமே கிடையாது!

வேடம் சொல்லும் குறிப்பு

ஆனாலும் பழைய தீர்ப்புகளைப் புரட்டினால் ஒரு குறிப்புக் கிடைக்கிறது. சிறந்த நடிகர் விருது பெற்ற தமிழ்ப்பட வேடங்களைப் பாருங்கள்.

1971: எம்.ஜி.ஆர். ("ரிக்‌ஷாக்காரன்"). ரிக்‌ஷா தொழிலாளி.

2003: விக்ரம் ("பிதாமகன்"). சுடுகாட்டில் வேலை செய்பவர்.

2007: பிரகாஷ்ராஜ் ("காஞ்சிவரம்"). பட்டு நெசவாளி.

2019: தனுஷ் ("அசுரன்"). விவசாயி.

நடிகைகளிலும் அப்படியே. 1979-ல் "பசி" படத்தில் குப்பை பொறுக்கும் பெண்ணாக நடித்த ஷோபா பரிசு பெற்றார். 2010-ல் "தென்மேற்குப் பருவக்காற்று" படத்தில் உழைத்து உழைத்து மகனை வளர்க்கும் கிராமத்துத் தாயாக நடித்த சரண்யா பரிசு பெற்றார்.

உழைத்துப் பிழைக்கும் மனிதரை உண்மையாகக் காட்டினால் நடுவர்களின் மனம் இளகுகிறது. இது நல்ல குறிப்பு.

ஆனால் இதையும் முழுக்க நம்பக்கூடாது! 2022-ஆம் ஆண்டுக்கான விருது "திருச்சிற்றம்பலம்" படத்தில் கலகலப்பான தோழியாக வந்த நித்யா மேனனுக்குக் கிடைத்தது. சிரித்துப் பேசும் வேடமும் ஜெயிக்கும் என்று அன்று தெரிந்தது.

கிடைக்காதவர் தாழ்ந்தவரா?

சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. இதைக் கேட்டால் இன்றும் பலர் திகைப்பார்கள்.

"வீரபாண்டிய கட்டபொம்மன்" 1959-ல் வந்தது. "பாசமலர்" 1961-ல் வந்தது. அப்போது நடிகர்களுக்குத் தேசிய விருதே கிடையாது! 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் நடிகர், நடிகைக்கு விருது தர ஆரம்பித்தார்கள்.

கட்டபொம்மனாக நடித்ததற்கு 1960-ல் கெய்ரோ நகரப் பட விழாவில் சிறந்த நடிகர் விருது சிவாஜிக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் தாதாசாகேப் பால்கே விருதும் அவரைத் தேடி வந்தது. ஆனால் மக்கள் அவரை நடிகர் திலகம் என்று அழைக்க எந்த விருதுக்காகவும் காத்திருக்கவில்லை.

"ரோஜா" ஆண்டில் தோற்ற இளையராஜாவின் பாட்டும் அப்படித்தான். "தேவர் மகன்" பாட்டுகள் இன்றும் நம் வீட்டுக் கல்யாணங்களில் ஒலிக்கின்றன.

விருது என்பது ஓர் ஆண்டில், ஓர் அறையில், சில பேர் சொன்ன தீர்ப்பு. மதிக்க வேண்டியதுதான். அதற்காக நண்பனோடு முகம் திருப்பிக்கொள்ள வேண்டியதில்லை. பணம் வைத்துப் பந்தயம் கட்டுவது அதைவிட மோசம். பாலு மகேந்திராவின் ஓட்டை அன்று இந்தியாவில் யாராலும் கணிக்க முடியவில்லை. அப்படிப்பட்ட ஓட்டின் மேல் கூலிப் பணத்தை வைக்கலாமா?

நீங்களே நடுவர்!

அடுத்த முறை அறிவிப்பு வருவதற்கு முன் வீட்டில் ஒரு விளையாட்டு நடத்துங்கள்.

எந்த ஆண்டுப் படங்களுக்கு விருது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பாட்டி முதல் பேரன் வரை ஆளுக்கொரு சீட்டு. சிறந்த படம் எது, நடிகர் யார், நடிகை யார், பாட்டு எது என்று எழுதட்டும். ஏன் என்று ஒரு வரி காரணமும் எழுத வேண்டும். "அவர் என் தலைவர்" என்பது காரணம் ஆகாது!

சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். அறிவிப்பு வந்ததும் எடுத்துப் படியுங்கள். அதிகம் சரியாகச் சொன்னவருக்கு ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் பரிசு.

விருது பெற்ற படங்களில் நீங்கள் பேர்கூடக் கேட்டிராத ஒரு படம் நிச்சயம் இருக்கும். அதைத் தேடிப் பிடித்துக் குடும்பத்தோடு பாருங்கள். கணிப்பில் தோற்றவருக்கும் அதில் லாபம்தான்!