சுகன்யா ராம்கோபால்

சுகன்யா ராம்கோபால் (பிறப்பு: ஜூன் 13, 1957) கர்நாடக இசையின் கடக் கலைஞர். கச்சேரி மேடையில் கடம் வாசித்த முதல் பெண் என அறியப்படுகிறார். கட தரங்கம் என்னும் நிகழ்ச்சி வடிவத்தை உருவாக்கியவர். பெங்களூரில் வசிக்கிறார்.

பிறப்பு, பயிற்சி

சுகன்யா மயிலாடுதுறையில் பிறந்தார். சென்னையில் ஹரிஹர சர்மா நடத்திய ஸ்ரீ ஜெயகணேஷ் தாளவாத்திய வித்யாலயாவில் சர்மாவின் மகன் குருமூர்த்தியிடம் வயலின் கற்கச் சேர்ந்தார். அங்கே ஒலித்த மிருதங்கத்தின் மீது மனம் சென்றதால், பன்னிரண்டு வயதில் மிருதங்கம் கற்கத் தொடங்கினார். பின்னர் கடம் பயில விரும்பினார். சர்மாவின் மூத்த மகனும் புகழ்பெற்ற கடக் கலைஞருமான விக்கு விநாயக்ராம், பெண்ணின் விரல்களுக்கு அது மிகக் கடினம் எனத் தயங்கினார். கற்பித்துக் காட்டுவதாகப் பொறுப்பேற்றவர் ஹரிஹர சர்மா. சுகன்யாவின் தேர்ச்சியைக் கண்டபின் விநாயக்ராம் அவரைத் தன் மாணவியாக ஏற்றார்.

கடத்தின் இயல்பு

கடம் சுட்ட மண்ணால் ஆனது. மிருதங்கத்தைப் போல வார்களை இறுக்கித் தளர்த்தி இதன் சுருதியை மாற்ற முடியாது. சூளையில் இருந்து வரும்போதே சுருதி ஏறக்குறைய முடிவாகிவிடும். ஆகவே பாடகரின் சுருதிக்கு ஏற்பக் கலைஞர் பல கடங்களை வைத்திருக்க வேண்டும். மானாமதுரைக் கடம் கனமானது, சுவர் தடித்தது. அதில் நாதம் எழுப்ப விரல்களுக்கு வலிமை வேண்டும். வயிற்றோடு சேர்த்துப் பிடிக்கப்படும் வாய்ப்பகுதியைத் திறந்தும் மூடியும் ஒலியின் ஆழம் மாற்றப்படுகிறது.

இசை வாழ்க்கை

கர்நாடகக் கச்சேரியில் மிருதங்கம் பக்கவாத்தியம், கடம் உபபக்கவாத்தியம். கடக் கலைஞர் எவ்வளவு நேரம் வாசிப்பார், தனி ஆவர்த்தனத்தில் அவருக்கு எத்தனை சுற்று கிடைக்கும் என்பவை பெரும்பாலும் மிருதங்கக் கலைஞரைப் பொறுத்தவை. பெண் கடம் வாசிக்கும் மேடையில் அமர மிருதங்கக் கலைஞர்கள் சிலர் மறுத்தனர். இதனால் சுகன்யா வாய்ப்புகளை இழந்தார். வாசிப்பில் குறை சொல்ல முடியாத நிலையிலும் மேடை கிடைக்காமல் போனது அவர் எதிர்கொண்ட முக்கியமான தடை.

இதற்கு அவர் கண்ட வழி, கடத்தையே முதன்மை வாத்தியமாக்குவது. கட தரங்கத்தில் வெவ்வேறு சுருதியுள்ள ஆறேழு கடங்களை வரிசையாக வைத்து வாசிக்கிறார். ஜலதரங்கத்தில் கிண்ணங்கள் சுரங்களைத் தருவதுபோல இங்கே கடங்கள் தருகின்றன. தாளத்துக்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட வாத்தியத்தில் இதன்வழி ராகத்தையும் கொண்டுவர முடிந்தது.

பெண் கலைஞர்களை மட்டும் கொண்ட ஸ்த்ரீ தால் தரங் என்னும் குழுவையும் அமைத்தார். இதில் கடம் துணை வாத்தியமாக இல்லாமல் நிகழ்ச்சியை நடத்திச் செல்கிறது.

நூல், விருது

விநாயக்ராமின் வாசிப்பு முறையை விளக்கும் ‘சுநாதம்’ என்னும் நூலை எழுதினார். குரு நேரில் சொல்ல மாணவர் கேட்டுப் பயிலும் பாடங்களுக்கு இந்நூல் எழுத்து வடிவம் தந்தது. 2014-ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதமி விருதைப் பெற்றார்.

இசையில் இடம்

விநாயக்ராம் சக்தி குழுவின் வழியாகக் கடத்தை உலக மேடைகளுக்குக் கொண்டுசென்றார். அவருடைய பாணியைப் பெண்களிடம் கொண்டுசேர்த்தவர் சுகன்யா. இவரிடம் பயின்ற பெண்கள் இன்று மேடைகளில் கடம் வாசிக்கின்றனர்.