சாய்வதற்கென்றே ஒரு லென்ஸ்

தாத்தாவின் ஸ்டூடியோவில் கிடந்த மரப்பெட்டி கேமராவைப் பற்றி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். லென்ஸ் பொருத்திய முன்பலகை முன்னால் சாய்கிறதாம். ஆணி அடித்து நிமிர்த்திவிடலாமா என்று கேட்கிறார். வேண்டவே வேண்டாம். சாய்வதற்காகவே செய்த பலகை அது.

கறுப்புத் துணி, துருத்தி, தலைகீழ் பிம்பம் எல்லாம் நீங்கள் அறிந்தவையே. எனக்குப் பிடித்தது இந்தச் சாய்வுதான். 8×10 அங்குல பிலிமுக்கு 300 மி.மீ. அளவில் லென்ஸ் வேண்டும். அவ்வளவு நீண்ட லென்ஸில் காலடிப் பாறை தெளிந்தால் தொலைமலை மங்கும். துவாரத்தைச் சுருக்கினால் இரண்டும் தெளியும். ஆனால் வெளிச்சம் போதாமல் மூடியை நொடிக்கணக்கில் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் காற்றில் இலைகள் ஆடிவிடும்.

லென்ஸைச் சாய்த்தால் கதை மாறும். வழக்கமாகத் தெளிவு கேமராவுக்கு எதிரே செங்குத்தாக நிற்கும். சுவரில் சாத்திய பாயை அம்மா தள்ளிவிட்டு முற்றத்தில் விரிப்பாரே, அப்படி அந்தத் தெளிவைத் தரையோடு படுக்க வைக்கலாம். இதைவிடச் சிறிய கேமராவின் 150 மி.மீ. லென்ஸ் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறத்தாழ 6 டிகிரி சாய்வு போதும். பிலிம், லென்ஸ், காட்சி ஆகிய மூன்றின் தளங்களும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும் என்பதே விதி. ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ஃப்ளுக், வானிலிருந்து எடுத்த படங்களின் கோணலைத் திருத்த முயன்றபோது இதை விரித்துரைத்தார். விதி அவர் பெயரிலேயே வழங்குகிறது. ஒரு குறையும் உண்டு: அருகில் உயர்ந்த மரம் நின்றால் அதன் உச்சி மங்கிவிடும்.

இந்தக் கணக்கையெல்லாம் விசையை அழுத்துமுன் முடித்தாக வேண்டும். 1927 ஏப்ரலில் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறை எதிரே நின்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸிடம் மிஞ்சியவை இரண்டே கண்ணாடித் தகடுகள். மஞ்சள் வடிகட்டியோடு ஒன்றை எடுத்தார். வானம் தன் மனத்தில் உள்ளபடி கறுக்காது என்று பட்டதும், கடைசித் தகட்டுக்குச் சிவப்பு வடிகட்டி போட்டார். புகழ்பெற்றது அந்த இரண்டாவது படம்தான். ஒரே மலையை நூறு முறை கைபேசியில் அழுத்திவிட்டு ஒன்றையும் திரும்பிப் பாராத நமக்கு இதில் பாடம் இருக்கிறது.

இத்தகைய கேமராக்களை வரவேற்பறை அலங்காரமாக விற்பது எனக்கு உடன்பாடில்லை. இருட்டறையில் துருத்திக்குள் டார்ச் அடித்து ஓட்டை தேடுங்கள். பிலிம் விலை கட்டாவிட்டால் கறுப்பு-வெள்ளைப் படத்தாளை வெட்டி வையுங்கள். அதிலேயே நெகட்டிவ் விழும். கேமராவை விற்குமுன் ஒரு படமாவது எடுத்துப் பாருங்கள்.