மழலையின் கண்ணீரும் ஆசிரியையின் பெருமூச்சும்

முதலியார்பேட்டைத் தெருவொன்றில் காலை நேரம். பாலவாடியின் வாசற்படியில் மூன்று வயதுச் சிறுவன் கதறுகிறான். தாயின் முந்தானையை விட மறுக்கிறான். உள்ளிருந்து வருகிறார் ஆசிரியை. அதட்டவில்லை, அடிக்கவில்லை. இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்கிறார்; காக்கையைக் காட்டுகிறார்; கதை சொல்கிறார். அழுகை விம்மலாகிறது, விம்மல் சிரிப்பாகிறது. ஒரு திங்கள் கழித்துப் பாருங்கள்: விடுமுறை நாளிலும் பள்ளிக்குப் போகவேண்டுமென்று அப்பனின் கையைப் பிடித்து இழுப்பவன் அதே சிறுவன்தான்!

தோழர்களே, சுவர் செய்த மாயமா இது? பலகை செய்த மாயமா? இல்லை. ஆசிரியையின் முகம்தான் குழந்தைக்குப் பள்ளி. அம்முகம் மலர்ந்தால் பள்ளி பூந்தோட்டம், கடுகடுத்தால் சிறைக்கூடம்.

அந்த முகத்தை மலர விடுகிறோமா? அதுவே நம் கேள்வி.

பிள்ளைகளோடு ஆடிப்பாடும் நேரத்தில் அவர் மனம் நிறைகிறது. ஆனால் ஆடிப்பாட நேரம் எங்கே? எடை பார்க்க வேண்டும்; உணவு கொடுக்க வேண்டும்; தடுப்பூசி நாளில் தாய்மாரைத் திரட்ட வேண்டும்; அத்தனைக்கும் கைப்பேசியில் கணக்கு ஏற்ற வேண்டும். 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், நாடெங்கும் அங்கன்வாடிப் பெண்களுக்குச் சூட்டிய பெயர் 'கௌரவ ஊழியர்'. கௌரவம் பெயரிலே, கையிலே மதிப்பூதியம்! 2018இல் மத்திய அரசு 'உயர்த்தி' வைத்த தொகை, ஊழியருக்கு மாதம் 4,500 ரூபாய்; உதவியாளருக்கு 2,250 ரூபாய். மாநிலங்கள் மேலே கூட்டித் தருவது இடத்துக்கு இடம் வேறுபடும். பணிக்கொடை இவர்களுக்கும் உண்டு என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது!

பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர் இது. அவன் நாட்டில் மூன்று வயதுப் பிள்ளைகளின் பள்ளிக்குப் பெயர் 'எக்கோல் மத்தர்னெல்', தாய்மைப் பள்ளி. அங்கே கற்பிப்பவருக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கும் ஒரே தரம், ஒரே ஊதிய விகிதம். 2019 முதல் மூன்று வயதிலேயே கல்வி கட்டாயம். நம் நாட்டிலோ, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதில்தான் கதவைத் திறக்கிறது. அதற்கு முன் அழும் குழந்தைக்கும் உரிமையில்லை. ஆற்றும் கைக்கும் உறுதியில்லை!

இது சீமான் வீட்டுச் சொகுசு என்பார் சிலர். மரியா மாண்டிசோரி 1907இல் தம் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தது மாளிகையிலா? இல்லை, உரோம் நகரில் சான் லோரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். பெற்றோர் வேலைக்குப் போனபின் கேட்பாரற்றுத் திரிந்த பிள்ளைகளுக்காக!

1936 சூலை 30இல் உரிமை கேட்டு 12 உயிர்களைக் கொடுத்தவர்கள் புதுவை ஆலைத் தொழிலாளர்கள். உழைப்புக்கு மதிப்பு வேண்டும் என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாலையில் பிள்ளையை அழைத்துவரப் போவீர்கள். "இன்று என்ன படித்தாய்?" என்று அவனைக் கேட்கும் முன், "உங்களுக்கு என்ன குறை, அம்மா?" என்று ஆசிரியையைக் கேளுங்கள். கேட்டதோடு நில்லாதீர்கள், அடுத்த சங்கக் கூட்டத்தில் அந்தக் குறையையும் தீர்மானமாக எழுதுங்கள்!