சுமை மாறும் மூளை

1901 நவம்பர். ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட் மனநல மருத்துவமனையில் 51 வயது அகஸ்டே டேட்டரிடம் பெயர் கேட்கிறார் டாக்டர் அலாய்ஸ் அல்சைமர். "அகஸ்டே." கணவர் பெயர்? அதற்கும் "அகஸ்டே" என்றுதான் பதில். 1906-ல் அந்தப் பெண் இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்த அல்சைமர், நரம்புச் செல்களுக்கு வெளியே திட்டுகளையும் உள்ளே முறுக்கிய நார்முடிச்சுகளையும் கண்டார். திட்டுகள் அமிலாய்டு என்ற புரதம், முடிச்சுகள் டௌ என்ற புரதம் என்பது பல காலம் கழித்துத் தெரியவந்தது.

உயிருள்ள மூளையின் பகுதிகள் எப்படிக் கூடி வேலை செய்கின்றன என்பதை நுண்ணோக்கியில் பார்க்க முடியாது. அதற்கு உதவுவது ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். நோயாளி எந்த வேலையும் செய்யாமல் படுத்திருப்பார். ரத்த ஆக்சிஜன் அளவு இரண்டு பகுதிகளில் சேர்ந்தே ஏறி இறங்கினால், அவற்றுக்குள் தொடர்பு இருப்பதாகக் கணக்கு. ஓய்வில் விழித்திருக்கும் ஒரு வலைப்பின்னலை 2001-ல் அமெரிக்காவின் மார்கஸ் ரெய்க்கிள் குழு விவரித்தது. பழைய நினைவுகளை அசைபோடும்போது இயங்குவதும் இதுவே. அந்த டாக்டரின் பெயரால் அழைக்கப்படும் அல்சைமர் மறதி நோய் உள்ளவர்களிடம் இது தளர்ந்திருப்பதை 2004-ல் ஸ்டான்ஃபோர்டின் மைக்கேல் கிரீசியஸ் குழு காட்டியது. அமிலாய்டு அதிகம் படிவதும் பெரும்பாலும் இதே பகுதிகளில்தான்.

இந்தத் தளர்ச்சி ஒரே சீராக நடப்பதில்லை. மாயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, முதலில் வலைப்பின்னலின் பின்பகுதி சரிகிறது. ஒரு டிரான்ஸ்பார்மர் பழுதானால் அடுத்ததன் தலையில் லோடு ஏறுவதுபோல, மற்ற மையங்களில் தொடர்பு கொஞ்ச காலம் கூடுகிறது. பிறகு அவையும் தாங்காமல் ஓய்கின்றன. நேற்று வந்த விருந்தாளியை மறப்பதில் தொடங்கும் நோய், பேச்சு, வழி, உடை உடுத்துவது என்று ஒவ்வொன்றாகப் பறிப்பதற்கு இந்தச் சங்கிலிச் சரிவும் ஒரு காரணம்.

ஆகவே ஸ்கேனில் தொடர்பு கூடியிருப்பது எப்போதும் நல்ல சேதி அல்ல. தடுமாற்றத்தின் ஆரம்பமாகவும் இருக்கலாம். அதற்காக, இந்த ஸ்கேனை மட்டும் வைத்து ஒருவருக்கு நோய் உண்டு, இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

இழந்த இணைப்புகளை மீட்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் காது மந்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, தனிமை உள்ளிட்ட 14 காரணிகளைச் சரிசெய்தால் அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய்களில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது 2024-ன் லான்செட் குழு அறிக்கை. வீட்டுப் பெரியவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.