நின்றே தேயும் கால்கள்

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஆடித் தள்ளுபடிப் பலகைகள் ஏறிவிட்டால், ஜவுளிக்கடை விற்பனைப் பெண்களுக்கு உட்கார நேரம் கிடைப்பதில்லை. கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை, சாப்பாட்டு நேரம் போக, நிற்பதுதான் வேலை. சில வருடங்களில் முழங்காலின் உட்புறத்தில் பச்சையாகப் புடைக்கும் குழாய் தொடைவரை நெளிந்து ஏறுகிறது. நரம்பு சுருட்டிக்கொண்டது என்று தைலம் தேய்க்கிறார்கள். கெட்டிருப்பது சிரையின் வால்வு; தைலம் அங்கே எட்டாது.

தொடையில் ரத்தம் திரும்ப இரண்டு வழிகள். தோலுக்கடியில் ஓடும் பெரிய சஃபீனஸ் சிரை, உள்கணுக்காலுக்கு முன்னால் புறப்பட்டு, தொடையின் உட்புறமாக ஏறிக் கவட்டையில் ஆழ்சிரையோடு சேருகிறது. உடலிலேயே நீளமான சிரை இது. இதய பைபாஸுக்கு எடுத்து ஒட்டுவதும் பெரும்பாலும் இதைத்தான். மற்றொரு வழி ஆழ்சிரையான தொடைச்சிரை; அது தசைகளுக்குள் தமனியை ஒட்டி ஓடுகிறது. காலின் ரத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை ஆழ்சிரைகளே சுமக்கின்றன.

கீழிருந்து ரத்தத்தை ஏற்றுவதில் பெரும்பங்கு கெண்டைக்கால் தசைக்கு. அது இறுகும்போது ரத்தம் மேலேறும். தளரும்போது கீழே வழியாமல் வால்வுகள் மூடிக்கொள்ளும். அசையாமல் நிற்பவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரசம். நடந்தால் சில அடிகளிலேயே அது 30க்கு அருகே இறங்கிவிடும். நிற்கவைத்தே வேலை வாங்கும்போது அந்த இறக்கத்துக்கு வழியே இல்லை. சிரை விரிகிறது, வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று தொடாமல் போகின்றன, கவட்டையிலிருந்தே ரத்தம் பின்னோக்கி வழிகிறது.

பரம்பரை, வயது, பிரசவம் ஆகியவையும் காரணம் என்பார்கள் மருத்துவர்கள், உண்மைதான். ஆனால் அவற்றை யாரும் மாற்ற முடியாது. ஒரு ஸ்டூல் போட முடியும். கேரளம் 2018இல் இதைச் சட்டமாக்கியது. தமிழ்நாடும் 2021இல் 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. ஸ்டூலை வாங்கிப் போட்டுவிட்டு, அதில் உட்கார்ந்தால் முறைப்பது என்றால் அந்தத் திருத்தத்துக்கு என்ன பொருள்? வாடிக்கையாளர் வரும்போது எழுந்துகொள்ள அந்தப் பெண்களுக்குத் தெரியாதா?

இருக்கையோடு நடையும் வேண்டும். மணிக்கொரு முறை கடைக்குள் ஒரு சுற்று நடக்க விடலாம். நின்ற இடத்திலேயே குதிகாலை உயர்த்தி இறக்கினாலும் தசை வேலை செய்யும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் விடுப்புக்காகக் காத்திருக்கக் கூடாது. தொடைச்சிரையில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போய் உயிரைப் பறிக்கலாம்; அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த அரைநாள் சம்பளத்தைக் கடை பிடிக்கக் கூடாது.