அடித்தவனுக்கு என்ன கிடைத்தது?

“சினிமாவைப் பார்த்துத்தான் பையன் கெட்டுப்போனான்” என்பது ஒரு கட்சி. “படம் படம்தான், அதைப் பார்த்துவிட்டு எவன் அரிவாளைத் தூக்கினான்?” என்பது எதிர்க்கட்சி. இரு தரப்பும் தெரிந்தோ தெரியாமலோ சண்டை போடுவது காற்றடைத்த ஒரு பொம்மையைச் சுற்றித்தான்.

அதன் பெயர் போபோ. அடியில் கனம் இருப்பதால், குத்தினால் சாய்ந்து மறுபடி நிமிர்ந்துகொள்ளும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா, மழலையர் பள்ளிக் குழந்தைகள் 72 பேரிடம் நடத்திய சோதனையை 1961-இல் வெளியிட்டார். 24 பேரின் கண்ணெதிரே ஒரு பெரியவர் பொம்மையின் மேல் உட்கார்ந்து மூக்கில் குத்தினார், மரச்சுத்தியலால் தலையில் அடித்தார். வேறு 24 பேர் பார்த்த பெரியவர் பொம்மையைச் சீண்டவே இல்லை. மீதிப் பேருக்கு யாரும் எதையும் செய்து காட்டவில்லை. பிறகு எல்லாருக்கும் நல்ல நல்ல விளையாட்டுச் சாமான்களைக் கொடுத்து, சற்று நேரத்திலேயே “இது உனக்கில்லை” என்று நிறுத்தி, அந்த எரிச்சலோடு போபோ இருந்த அறைக்குள் விட்டார்கள். அடியைப் பார்த்த குழந்தைகளில் பலர் அதே சுத்தியலை எடுத்து அதேபோல அடித்தார்கள். பெரியவர் சொன்ன வசனத்தைக்கூடச் சொன்னார்கள். 1963-இல் நேரில் காட்டாமல் திரையில் காட்டியபோதும் ஏறக்குறைய இதே கதைதான்.

ஆனால் போபோ குத்துவதற்கென்றே செய்த பொம்மை. அதற்கு வலிக்காது. பெரியவர் செய்து காட்டியதுதான் இங்கே விளையாட்டு என்று குழந்தை நினைத்திருக்கலாம். அறைக்குள் நடந்ததை வைத்து, அந்தக் குழந்தை பத்து வருடம் கழித்துத் தெருவில் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. இந்த ஆட்சேபங்கள் நியாயமானவை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது பாண்டுரா 1965-இல் வெளியிட்ட சோதனை. பொம்மையை அடிக்கும் அதே படம், மூன்று முடிவுகள். ஒன்றில் அடித்தவரைப் பாராட்டி மிட்டாயும் குளிர்பானமும் கொடுக்கிறார்கள். இன்னொன்றில் திட்டும் அடியும் விழுகின்றன. மூன்றாவதில் ஒன்றும் நடப்பதில்லை. தண்டனையைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே பொம்மையை அடித்தார்கள். அதோடு விடவில்லை. “நீ பார்த்ததைச் செய்து காட்டினால் பழச்சாறும் ஸ்டிக்கரும் தருகிறேன்” என்றதும் மூன்று குழுவினரும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குச் செய்து காட்டினார்கள். அடிக்கும் விதம் எல்லாருக்கும் மனதில் பதிந்திருந்தது. சிலர் அதை வெளியே காட்டாமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

நம் படங்களில் வில்லனின் அடி சிறையிலோ சாவிலோ முடியும். நாயகனின் அடி விசிலில் முடியும். இப்போது யு/ஏ சான்றிதழ் 7+, 13+, 16+ என்று வயதுவாரியாக வருகிறது, நல்லதுதான். அடித்தவனுக்குக் கடைசியில் என்ன கிடைத்தது என்பது அந்த எண்ணில் தெரியாது.

வீடியோ கேம் விஷயத்தில் பதற்றம் அளவுக்கு மீறியது. அமெரிக்காவில் 1990-களின் நடுவிலிருந்து கேம் விற்பனை ஏறிக்கொண்டே போனபோது, இளைஞர்களின் வன்முறைக் குற்றங்கள் இறங்கின. கத்துவது, தள்ளுவது போன்றவற்றோடு சிறு தொடர்பு உண்டு. கொலை, துப்பாக்கிச் சூட்டுக்குக் கேமைக் காரணமாக்கப் போதிய ஆதாரம் இல்லை என்பது அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் எடுத்த நிலை. வறுமை, வீட்டுக்குள் நடக்கும் அடிதடி, கைக்கெட்டும் ஆயுதம் ஆகியவற்றை விட்டுவிட்டுக் கேமை மட்டும் பிடித்துக்கொள்வது சோம்பேறித்தனம்.

நாம் அதிகம் பேசாத பாதிப்பு பயம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் கெர்ப்னர், டிவி முன்னால் நெடுநேரம் உட்காருபவர்கள் உலகத்தை உள்ளதைவிடக் கொடியதாக நினைக்கிறார்கள், பிறரை நம்பத் தயங்குகிறார்கள் என்றார். டொரான்டோவில் நடத்தி 1979-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குக் குறுக்குக் கேள்வி போட்டது: குற்றம் மலிந்த பகுதியில் குடியிருப்பவர்கள்தான் டிவியும் அதிகம் பார்க்கிறார்கள், பயமும் அதிகம் கொள்கிறார்கள், வசிக்கும் இடத்தைக் கணக்கில் எடுத்தால் டிவிக்கும் பயத்துக்குமான தொடர்பு பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. இருந்தாலும், ஒரே சிசிடிவி காட்சி நாள் முழுக்கச் செய்தியிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிற காலத்தில் கெர்ப்னரின் கேள்வியை மூட்டைகட்டி வைக்க எனக்கு மனமில்லை.