மின்சாரம் வீட்டுக்கு வந்த கதை – 14: எந்த நாட்டில் எது சிவப்பு?

எர்த் கம்பியின் வேலை என்ன என்று போன வாரம் பார்த்தோம். அதன் நிறம் பச்சை. சரி, பச்சைதான் எர்த் என்று யார் முடிவு செய்தார்கள்?

உலகத்துக்கே பொதுவாக யாரும் முடிவு செய்யவில்லை. நாட்டுக்கு நாடு அவரவர் விருப்பம்தான். பிரிட்டனில் முன்பு ஃபேஸ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. அமெரிக்காவில் நியூட்ரல் வெள்ளை. அங்கே கறுப்பைத் தொட்டால் ஷாக் அடிக்கும். ஜெர்மனியிலோ 1965 வரை ஃபேஸ் கறுப்பு, நியூட்ரல் சாம்பல், எர்த் சிவப்பு!

சாமான்கள் எல்லை தாண்டாதவரை தொல்லை இல்லை. தாண்டியபோதுதான் வினை. ஜெர்மனியில் செய்த இஸ்திரிப் பெட்டி ஒன்று லண்டனுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரிட்டனில் அந்தக் காலத்தில் பல சாதனங்களை பிளக் இல்லாமலேதான் விற்றார்கள். வாங்கியவரே மாட்டிக்கொள்ள வேண்டும். சிவப்பைக் கண்டதும் அவர் கை தானாக ஃபேஸ் முனைக்குப் போகும். அந்தச் சிவப்பின் மறுமுனை பெட்டியின் உலோக உடம்பில் இருக்கிறது. காப்பாற்ற வைத்த கம்பியே ஆளைக் கொல்லும் கம்பியாகிவிடும்.

அதனால்தான் எல்லை தாண்டும் கம்பிக்கு முதலில் பொது நிறம் வந்தது. பிரிட்டன் 1969-இல் இதற்கென்றே ஒரு விதி போட்டது. சாதனங்களின் ஒயரில் ஃபேஸ் பழுப்பு, நியூட்ரல் நீலம், எர்த் பச்சை-மஞ்சள் கோடு. ஐரோப்பிய ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது. கோடு போட்டுவிட்டால் அவர்களும் ஏமாற மாட்டார்கள். கோட்டின் அளவுக்கும் கணக்கு உண்டு: கம்பியின் எந்த 15 மில்லிமீட்டர் துண்டை எடுத்தாலும், இரண்டில் ஒரு நிறம் 30 சதவீதத்துக்குக் குறையாமலும் 70 சதவீதத்தைத் தாண்டாமலும் இருக்க வேண்டும், மிச்சம் மற்ற நிறம். எந்த இடத்தில் வெட்டினாலும் இரண்டும் கண்ணில் படும்.

சுவருக்குள் ஓடும் கம்பி எங்கும் பயணம் போவதில்லை. அதை மாற்ற அவசரமும் இல்லை. சாதனங்களுக்கு மாற்றி முப்பத்தைந்து வருடம் கழித்துத்தான் பிரிட்டன் சுவருக்கு வந்தது. 2004-இல் புது நிறங்களை அனுமதித்து, 2006 ஏப்ரலில் கட்டாயமாக்கினார்கள். த்ரீ ஃபேஸில் சிவப்பு, மஞ்சள், நீலம் போய்ப் பழுப்பு, கறுப்பு, சாம்பல் வந்தன. நியூட்ரல் நீலமானது. நேற்றுவரை நியூட்ரலாக இருந்த கறுப்பு ஃபேஸானது. ஃபேஸாக இருந்த நீலம் நியூட்ரலானது. பழையதும் புதியதும் கலந்த வீடுகளில் மெயின் போர்டின்மேல் எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்று விதியே போட வேண்டியதாயிற்று.

நாம் இன்னும் பழைய பிரிட்டிஷ் வழியில்தான் நிற்கிறோம். அபார்ட்மென்ட் மீட்டர் போர்டில் எரியும் சிவப்பு, மஞ்சள், நீல விளக்குகள்தான் எலெக்ட்ரீஷியன்கள் சொல்லும் ஆர், ஒய், பி. புது பிரிட்டிஷ் புத்தகத்தைப் படித்துவிட்டு நம் ஊர் போர்டைத் திறந்து, ‘நீலம்தானே, நியூட்ரல்’ என்று கைவைப்பவர் தொடுவது பி ஃபேஸை!

ஆனால் நம் மிக்ஸி ஒயர் மட்டும் உலக வழக்கைப் பின்பற்றுகிறது: பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள். ஒரே வீட்டில் சுவருக்கு ஒரு பாஷை, சாதனத்துக்கு ஒரு பாஷை. இரண்டும் சந்திப்பது பிளக்கில். அதைக் கழற்றினால் உள்ளே எல், என், ஈ என்று மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். பழுப்பு எல்-லுக்கு, நீலம் என்-னுக்கு, கோடு போட்டது நீளமும் தடிமனும் கூடிய ஈ பின்னுக்கு.

சுவர்ப் பக்கம் வேலை என்றால் நிறத்தை நம்பாதீர்கள். கையில் இருந்த ஒயரை இழுத்து வேலையை முடித்தவர் உங்களுக்கு முன்னால் அங்கே வந்து போயிருக்கலாம். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே தொடுங்கள். அந்த டெஸ்டரையும் எரிகிற லைனில் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

அடுத்த வாரம்: ஃபியூஸ் கட்டையை எம்.சி.பி. வெளியேற்றிய கதை.